மூச்சு விடாதே

அன்னவாசல்
16.6.2025

அண்ணி,

இந்தக் கடிதம் உங்களுக்கு வராது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

புதுக்கோட்டை கீழராஜவீதியில் ஒரு பாத்திரக்கடை மாடியில் சனிக்கிழமைதோறும் ஒரு வகுப்புக்குப் போகிறேன். பரிமளா என்ற அம்மா நடத்துகிறார். மனசில் இருப்பதை உடம்பு வழியாகக் கவனிக்கிற வகுப்பு என்று சொல்லலாம். மருந்து மாத்திரை கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்து பாதம் தரையில் படுவதைக் கவனிக்க வேண்டும். எங்கே இறுக்கம், எங்கே சூடு, எங்கே மரத்துப்போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மாற்ற முயலக் கூடாது, பார்த்தால் போதும் என்கிறார்.

நான் ஏன் அங்கே போனேன் என்றால், எனக்கு மூச்சு முழுதாக வருவதில்லை. இழுக்கிறேன், பாதியில் நின்றுவிடுகிறது. அண்ணன் போன அந்த மே மாதத்திலிருந்தே இப்படித்தான். இசிஜி எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். "ஒங்களுக்கு ஒண்ணுமே இல்லையேம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். குரலும் இறங்கிவிட்டது. நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில் வருகிறவர்கள் "கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லேன் தாயி, காசா கேட்டேன்" என்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. மகள் பிரகதீஸ்வரிக்குத் தலை பின்ன உட்கார்ந்தால் என் விரல்கள் மரத்துப் போகின்றன. அதனால் அவளுக்குக் கிராப் வெட்டி விட்டேன். பள்ளிக்கூடத்தில் பையன் என்று கேலி செய்கிறார்களாம்.

போன சனிக்கிழமை பரிமளா அம்மா எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, "இப்ப மெதுவா மூச்சு விடுங்க" என்றார். எனக்குத் தாடை பூட்டிக்கொண்டது. பல் கிட்டிவிட்டது என்று பயந்து பக்கத்தில் வந்தார்.

"யாராவது ஒங்கள மூச்சு விடக் கூடாதுன்னு சொன்னாங்களா?"

அவர் எதை நினைத்துக் கேட்டாரோ தெரியாது. என் வாயிலிருந்து "அப்பா" என்று வந்தது.

உங்களுக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் அனுப்பாத ஒரு கடிதத்தில் முழுதாக எழுதிப் பார்க்கச் சொன்னார், எழுதுகிறேன். மஸ்கட்டிலிருந்து அண்ணனின் ரூம்காரர் அப்பாவுக்குத்தான் முதலில் போன் செய்தார். அப்பா என்னை மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டார். நான் பிள்ளையோடு லீவுக்கு வல்லத்திராக்கோட்டை அப்பா வீட்டுக்கு வந்திருந்தேன். "சந்தோஷ் போயிட்டான் ஆத்தா. தூக்கத்துலயே நெஞ்சு நின்னுருச்சாம். எளமதி வயித்துல புள்ளை இருக்கு, தெரியக் கூடாது. பெட்டி வந்து எறங்குற வரைக்கும் நீ மூச்சு விடக் கூடாது."

நான் விடவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் வந்து உங்களுக்குச் சோறு போட்டேன்.

சொர்ணாவை அப்பாவின் போனில்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் அம்மாவின் பெயரையே வைத்தீர்கள். கோபத்திலும் அதை மாற்றவில்லை. அவளை ஒரே ஒரு முறை நேரில் பார்க்க வேண்டும். எங்கள் அண்ணனின் காது அவளுக்கு இருக்கிறது.

அனுப்பாத கடிதத்துக்கு எப்படி முடிப்பு எழுதுவது என்று தெரியவில்லை.

சுகுணா


கறம்பக்குடி
25.6.2025

சுகுணாவுக்கு,

எனக்கு வராது என்று நீ எழுதிய கடிதம், ஐந்து ரூபாய் ஸ்டாம்போடு, என் பெயர், என் அண்ணன் வீட்டுக் கதவு எண், பின்கோடு எல்லாம் சரியாக எழுதப்பட்டு வந்து சேர்ந்தது. முதல் வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உங்கள் குடும்பத்துக்கு நாடகம் புதிதல்ல என்று நினைத்துக்கொண்டேன்.

உன் நம்பரை நான் பிளாக் செய்து வைத்திருப்பதால் இந்த வழியைக் கண்டுபிடித்தாயா? பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நான் தமிழ் டீச்சர். தப்பான விடைத்தாளைத் திருத்தாமல் கீழே வைக்கக் கை வரவில்லை.

"உங்களுக்கும் தெரிந்ததுதான்" என்கிறாய். எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன். அவர் போன் வரவில்லை என்று கேட்டேன். "அண்ணன் போன் தண்ணியில விழுந்துருச்சாம் அண்ணி, வேற வாங்கணும்" என்றாய். சிரித்துக்கொண்டே சொன்னாய். அதை நம்பி, வந்தால் திட்டுவதற்கு வார்த்தைகளை எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். வீட்டுக்கு ஆட்கள் வந்து மாமாவோடு தாழ்ந்த குரலில் பேசினார்கள். நிலத் தகராறு என்றாய். அந்த வீட்டில் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்த ஒரே ஆள் நான்தான். பிறகு அதை நினைத்துப் பார்த்தபோது எவ்வளவு கூசியது என்று உனக்குத் தெரியுமா?

மகளுக்குத் தலை பின்ன விரல் மரக்கிறது என்று எழுதினாய், எனக்குப் பின்னி வைத்த பூவை விட்டுவிட்டாய். பெட்டி வந்த அன்று காலையில் உட்கார வைத்துப் பின்னினாய். மல்லிகையும் கனகாம்பரமும் சேர்த்து, கல்யாணப் பெண்ணுக்கு வைப்பது போல வைத்தாய். "என்னடி இம்புட்டுப் பூ, என்ன விசேஷம்?" என்று கேட்டேன். "சும்மாதான் அண்ணி" என்றாய். மத்தியானம் வேன் வந்து நின்றது. யார் யாரோ வந்து என்னைப் பிடித்தார்கள். ஒரு கை என் தலையிலிருந்து அந்தப் பூவை உருவியது. அது வாடக்கூட இல்லை, சுகுணா.

நீ பெட்டிக்கு முன்னால் கல் மாதிரி நின்றாய். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. "கூடப்பொறந்தவ நிக்கிறதப் பாரு" என்று ஊரே பேசியது. நானும் அதையே நினைத்தேன்.

நீ மூச்சு விடு, விடாமல் போ. அதற்கு என் மகளைக் கேட்காதே.

இளமதி


அன்னவாசல்
3.7.2025

அண்ணி,

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். சத்தியமாக நான் அனுப்பவில்லை. எழுதி உறையில் போட்டு டிவி மேல் வைத்திருந்தேன். உங்கள் தம்பி மாதிரி என்று நீங்கள் ஒரு காலத்தில் சொன்ன என் வீட்டுக்காரர் அய்யப்பன்தான் செய்தது. "கவர்ல அட்ரஸ் இருந்துச்சு, ஸ்டாம்ப் இல்ல. மறந்துட்டேன்னு நானே ஒட்டிப் போட்டேன். ஒரு நல்லது பண்ணா இந்த வீட்டுல அதுவும் குத்தமா?" என்று என்னோடு சண்டைக்கு வருகிறார்.

பரிமளா அம்மாவிடம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "அனுப்பக் கூடாத லெட்டருக்குப் பின்கோடு எதுக்கு எழுதுனீங்க?"

 வகுப்பில் செந்தமிழன் என்று ஒரு ரிட்டயர்டு கண்டக்டர் இருக்கிறார். அவர்தான் "டிக்கெட்டு எடுத்தா எறங்கித்தானே ஆகணும், மேடம்" என்றார். அவர் கதை வேறு. கண்ணை மூடி அசையாமல் உட்காரச் சொன்னால் அவர் உடம்பு தானாக ஆடுகிறது. "கண்ண மூடுனா வண்டி கெளம்பிருது மேடம், நான் என்ன பண்ணட்டும்" என்கிறார். ஒரு நாள் நாற்காலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டே தூங்கிவிட்டார்.

பூவைப் பற்றிக் கேட்டீர்கள். நான் அதை எழுதாமல் விட்டது மறந்ததால் அல்ல. அன்று காலை வேன் திருச்சியிலிருந்து கிளம்பிவிட்டது என்று அப்பாவுக்குப் போன் வந்தது. சாயங்காலம் உங்கள் தலையில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்று எனக்குத் தெரியும். இனி வைக்க விட மாட்டார்கள். அதனால் இருந்ததை எல்லாம் வைத்தேன். அதை உங்களை ஏமாற்றுவதற்காக வைத்ததாக நீங்கள் நினைத்திருப்பீர்கள் என்று மூன்று வருடமாக எனக்குத் தோன்றவே இல்லை. உங்கள் கடிதத்தில் படித்தபோதுதான் அது அப்படியும் தெரியும் என்று புரிந்தது.

மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. அது இப்போது சின்ன வார்த்தையாக இருக்கிறது. என்ன நடக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். தொண்டைக்குக் கீழே அரிசி அளக்கிற உழக்கைக் கவிழ்த்து வைத்தது போல ஒன்று இருக்கிறது. பரிமளா அம்மா அதை எடுக்கப் பார்க்கவில்லை. "அதோட ஓரம் எங்க இருக்கு, தொட்டுக் காட்டுங்க" என்றார். தொட்டுக் காட்டினேன். "அந்த ஓரத்துக்கு வெளியில எப்படி இருக்கு?" என்றார். வெளியே ஒன்றும் இல்லை, சாதாரண உடம்புதான். அது வரைக்கும் உடம்பு முழுவதும் உழக்குதான் என்று நினைத்திருந்தேன். பிறகு சுவரில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளச் சொன்னார். சுவர் நகராது என்று தெரிந்தும் தள்ளினேன். மரத்த விரல்களுக்குள் ரத்தம் ஓடுவது தெரிந்தது.

சொர்ணாவைப் பற்றி இனிமேல் கேட்க மாட்டேன். கேட்காமல் இருப்பதற்கும் கற்றுக்கொள்கிறேன்.

சுகுணா


கறம்பக்குடி
20.7.2025

சுகுணா,

இதை உனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளாதே. ஒரு விஷயம் நடந்தது. சொல்ல வேறு ஆள் இல்லை. இங்கே என் அண்ணன் மனைவியிடம் சொன்னால் வேப்பிலை அடிக்க ஆள் கூட்டி வருவாள்.

எனக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. நின்றால் கழுத்து இறுகிக்கொள்ளும், திருப்ப முடியாது. ஸ்டாஃப் ரூமில் சுவரில் முதுகு படுகிற நாற்காலி என்னுடையது. புதிதாக வந்த கணக்கு டீச்சர் தெரியாமல் அதில் உட்கார்ந்தபோது, "அது இளமதி மேடம் சீட்டு, உட்காராதே, கடிப்பாங்க" என்று ஹெச்.எம். சொன்னாராம். பஸ்ஸில் கடைசி சீட்டுக்குத்தான் போவேன். எலும்பு டாக்டர் காலர் போடச் சொன்னார், போட்டேன். காலர் போட்டுக்கொண்டும் இறுகியது. இது ஏதோ நரம்புக் கோளாறு என்றே நினைத்திருந்தேன், உன் கடிதம் வரும்வரை.

போன வாரம் மாதத் தேர்வு. எட்டாம் வகுப்பு, நான் மேற்பார்வை. ஒரு பிள்ளை கூடுதல் பேப்பர் கேட்க எழுந்து என் பின்னால் வந்து நின்றாள். "மிஸ்" என்றாள். கழுத்து பூட்டிக்கொண்டது. அப்போது உன் கடிதத்தில் இருந்த பாதம் நினைவுக்கு வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் பாதத்தை வைத்தேன். சிமெண்டுத் தரை குளிர்ச்சியாக இருந்தது. சரி, இது தரை, இது என் கால் என்று பார்த்தேன். இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று நினைக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால்! "மிஸ், கொஸ்டின் பேப்பர் அவ்வளவு கஷ்டமா மிஸ்?" என்று ஒருத்தன் கேட்டான்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். கழுத்துக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரிந்திருக்கிறது. நீ என் பின்னால் நின்று தலை வாரினாய். உன் முகம் எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். திரும்பாமல் உட்கார்ந்திருந்தேன். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூவைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன்.  ஒன்று மட்டும் கேட்கிறேன். உன் அண்ணனுக்காக நீ அதற்குப் பிறகாவது அழுதாயா?

இளமதி


அன்னவாசல்
11.8.2025

அண்ணி,

உங்கள் கேள்விக்குப் பதில் எழுத இவ்வளவு நாள் ஆனது. 

நான் அழவில்லை. பெட்டி இறங்கியதும் அழலாம் என்று இருந்தேன். இறங்கியபோது வரவில்லை. அடக்கி வைத்தது அடங்கியே போய்விட்டது. எல்லாரும் உங்களைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன். அதற்குப் பிறகு அழுதால், "இப்ப வந்து நடிக்கிறா" என்பார்கள் என்று தோன்றியது. அப்படியே போய்விட்டது.

போன சனிக்கிழமை உங்கள் கேள்வியைப் பரிமளா அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.  உதடு மூடி "ம்ம்ம்" என்று சத்தம் எழுப்பச் சொன்னார், மாட்டை அழைப்பது போல. நெஞ்சில் கையை வைத்து அந்த அதிர்வைக் கவனிக்கச் சொன்னார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. செந்தமிழன் அய்யா, "நல்லா விடும்மா, பின்னால லாரிக்காரன் ஹாரன் அடிச்சு வழி கேக்குறான்னு நெனச்சுக்க" என்றார். எல்லாரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே திரும்பவும் "ம்ம்" என்றேன். அது உள்ளேயே உடைந்தது. "ண்ணே" என்று வந்தது. அண்ணனை நான் கூப்பிடுவது அப்படித்தான், உங்களுக்குத் தெரியும். வாசலில் நின்று வயலுக்குக் கேட்கிற மாதிரி கூப்பிடுவேன். அந்தச் சத்தத்தில் கூப்பிட்டேன். கீழே பாத்திரக்கடைக்காரர் மேலே ஓடி வந்துவிட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். உழக்கு இருக்கிறது. இப்போது அது கவிழ்ந்து இல்லை, சாய்ந்து இருக்கிறது. மூச்சு அதன் பக்கத்தில் போய் வருகிறது.

உங்கள் கழுத்து பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சொல்லலாமா என்று இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். என் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றீர்கள். தெரியக் கூடாது என்றுதான் அங்கே நின்றேன். அந்த நாட்களில் நான் உங்களுக்குக் காலையும் மாலையும் தலை பின்னினேன், கவனித்தீர்களா? "எத்தன தடவடி பின்னுவ, முடி கொட்டிரும்" என்றுகூடச் சொன்னீர்கள். உங்கள் எதிரில் இருக்கும்போது சிரிக்க வேண்டும், அப்பா எதிரில் தைரியமாக இருக்க வேண்டும், பிள்ளை எதிரில் சாதாரணமாக இருக்க வேண்டும். அந்த வீட்டில் என் முகத்தை அதன் போக்கில் விட எனக்கு ஒரே ஒரு இடம்தான் இருந்தது. உங்கள் முதுகுக்குப் பின்னால்.

ஏமாற்றுவதற்கு அங்கே நிற்கவில்லை, அண்ணி. வேறு எங்கேயும் நிற்க முடியாமல் நின்றேன்.

சுகுணா


புதுக்கோட்டை, ஆஸ்பத்திரி
28.8.2025, காலை

அண்ணி,

இதைத் தபாலில் போட நேரமில்லை. போனில் என் நம்பர் உங்களுக்கு வராது. வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டால் அதுவும் ஒரு ஏமாற்று வேலை ஆகிவிடும் என்று தோன்றியது. ஆஸ்பத்திரிக்கு வந்த செந்தமிழன் அய்யா, வாசலில் நிற்கும் கறம்பக்குடி வண்டிக் கண்டக்டரிடம் பேசி, இதை உங்கள் பள்ளி வாசலில் நிறுத்திக் கையில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். கண்டக்டர் அவரிடம் வேலை பழகியவராம்.

முதலில் விஷயம். அப்பாவுக்கு நேற்று பிள்ளையார் சதுர்த்தி அன்று வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. வலது கை தூக்க வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் உடனே காரில் கொண்டு வந்தார்கள். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. நேரத்தோடு வந்ததால் ஊசி போட முடிந்தது. உயிருக்கு ஆபத்து இல்லை என்கிறார்கள். கை கொஞ்சம் அசைகிறது. பேச்சு குழறுகிறது, ஆனால் புரிகிறது. நான் எதையும் குறைத்தும் எழுதவில்லை, கூட்டியும் எழுதவில்லை.

அடுத்தது. நினைவு தெளிந்ததும் அப்பா சொன்ன முதல் பேச்சு இதுதான்: "எளமதிக்குச் சொல்லாத. அந்தப் புள்ள பட்டது போதும். மூச்சு விடாத."

"சரிப்பா" என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொன்னது. வராண்டாவுக்கு வந்தேன். பெஞ்சில் உட்கார்ந்தேன். உழக்கு பழைய இடத்துக்கு வந்து கவிழ்ந்து உட்கார்ந்திருந்தது. அதே இடம், அதே ஓரம். பாதத்தைத் தரையில் வைத்தேன். யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. இது என்னவென்று எனக்குத் தெரிந்தது.

உள்ளே போய் அவர் கண்ணுக்கு எதிரே நின்றேன். "அப்பா, நான் அண்ணிக்குச் சொல்லப் போறேன்" என்றேன். சத்தமாகவே வந்தது. பக்கத்துப் படுக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அன்னைக்கும் நல்லதுக்குத்தான்..." என்றார்.

"தெரியும்ப்பா. இருந்தாலும் சொல்றேன்."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கோபமா, அழுகிறாரா என்று தெரியவில்லை. வாய் கோணியிருப்பதால் முகத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

நீங்கள் வர வேண்டும் என்று எழுதவில்லை. வராமல் இருந்தாலும் அது உங்கள் விருப்பம். அதை முடிவு செய்ய வேண்டியது நீங்கள், நாங்கள் அல்ல. அதற்காகத்தான் இது.

கண்டக்டர் விசில் அடிக்கிறார்.

சுகுணா


(கோடு போட்ட பள்ளி நோட்டிலிருந்து கிழித்த தாள்)

கறம்பக்குடி
28.8.2025

சுகுணா,

வண்டி திரும்பி வந்து வாசலில் நிற்கிறது. "சீக்கிரம் டீச்சர், டைம் கீப்பர் என்னையத் திட்டுவாரு" என்று கண்டக்டர் கத்துகிறார். என் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். அதனால் சுருக்கமாக.

மூன்று வருடத்துக்கு முன்னால் இப்படி நாலு வரி எனக்கு வந்திருக்க வேண்டும். இப்போதாவது வந்தது.

பெர்மிஷன் போட்டுவிட்டேன். வீட்டுக்குப் போய்ச் சொர்ணாவைக் கூட்டிக்கொண்டு அடுத்த வண்டியில் வருகிறேன். அவளிடம் உன்னை என்னவென்று சொல்வது என்று யோசித்தேன். அத்தை என்றுதான் சொல்லப் போகிறேன், வேறென்ன சொல்ல? எடுத்ததும் தூக்காதே, புது ஆள் என்றால் கடிப்பாள். அம்மா மாதிரி.

நாங்கள் வருவதை மாமாவிடம் சொல்லிவிடு. கட்டிலைக் கொஞ்சம் நிமிர்த்தி உட்கார வை. பேத்தியைப் பார்க்கும்போது படுத்திருக்க வேண்டாம்.

காலையில் அவசரத்தில் தலையை அள்ளி முடிந்துகொண்டு பள்ளிக்கு வந்தவள் நான். அப்படியேதான் வருவேன். ஆஸ்பத்திரி வாசல் கடையில் சீப்பு கிடைக்கும், ஒன்று வாங்கி வை. கழுத்து என்ன சொல்லுமோ தெரியாது, இறுகினால் நிறுத்திவிடலாம்.

சீப்போடு ஒரு கண்ணாடியும் வாங்கு. கொஞ்சம் பெரியதாக. பின்னும்போது எனக்கு உன் முகம் தெரிய வேண்டும்.

இளமதி